ஜெனரல் ஷிப்டில் ஒரு கொலை

எங்கள் கம்பெனியில் இருட்டுக்கு அனுமதி கிடையாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஏழாம் நம்பர் பாலிசியாக அச்சடித்து, லேமினேஷன் போட்டு, கழிவறை வாசல் வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். தையல் மிஷின் மேல் ஐந்நூறு லக்ஸ், நடைபாதையில் நூறு லக்ஸ். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. அதை அளக்க ஒரு மீட்டர் உண்டு. அந்த மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை மிஷின் மிஷினாகக் காட்டிக் குறித்துக்கொண்டு போகிறவன் நான்தான். பெயர் பூவரசன். ஊர் மாதனூர் பக்கம். வேலை எலக்ட்ரீசியன். ஆம்பூர் ரோட்டில் இருக்கிற அந்த ஷூ கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொல்லக் கூடாது என்பது பதினோராம் நம்பர் பாலிசி.

இந்தக் கம்பெனிக்குள் வந்துதான் அயர்லாந்துக்காரப் பெண் ஒருத்தி இருட்டுப் படம் எடுக்கிறேன் என்று நின்றாள். அதைச் சொல்வதற்கு முன் என் மெமோ விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். மூன்று மெமோ வாங்கினால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. நான் இரண்டு வாங்கியிருந்தேன். எனக்கு நாற்பத்தொரு வயசு. இங்கிருந்து ராணிப்பேட்டை வரை எந்தக் கேட்டில் போய் நின்றாலும், முந்தின கம்பெனியில் ஏன் நின்றாய் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

முதல் மெமோ போன வருஷ ஆடிட்டில் வாங்கியது. தங்கள் ஷூவைத் தைக்கிறவர்கள் நல்லபடியாக இருக்கிறார்களா என்று பார்க்க சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் ஆள் அனுப்புவார்கள். அதற்குப் பேர் ஆடிட். வந்திருந்த அம்மா என்னிடம், வெளிச்சமெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். "இன்னிக்கு நல்லா இருக்குது மேடம்" என்றேன். அந்த 'இன்னிக்கு'க்காக மெமோ.

இரண்டாவது சிரிக்கிற விஷயம் இல்லை. தை மாசம் ஸ்டிச்சிங் செக்ஷனை ஒட்டி இருந்த சொல்யூஷன் டிரம் தீப்பிடித்தது. தோலை ஒட்டுகிற பசையைத்தான் நாங்கள் சொல்யூஷன் என்போம். சின்னத் தீ. இரண்டே நிமிஷத்தில் மணலைக் கொட்டி அணைத்துவிட்டோம். ஆனால் அந்த இரண்டு நிமிஷமும் நாற்பது பெண்கள் பின்கதவில் மோதிக்கொண்டு நின்றார்கள். எமர்ஜென்சி எக்ஸிட் என்று பச்சை விளக்கு எரிகிற கதவு. விளக்கை மாட்டினவன் நான். கதவில் தொங்கிய பூட்டை மாட்டினவர் பழைய செக்யூரிட்டி ஆபீசர். ஒருத்தரும் டீ குடிக்க வெளியே போகக் கூடாது, ஒரு ஜோடி ஷூவும் வெளியே போகக் கூடாது என்று போட்ட பூட்டு. அவர் நாலு வருஷத்துக்கு முன்பே ஒரகடம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். சாவியும் அவரோடு போய்விட்டது. கதவுக்கு அடுத்த மிஷினில் உட்காருகிறவள் அம்சவேணி. என் பெண்சாதி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அவள் சமைக்கவில்லை. கதவைத் தட்டித் தட்டி இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. "தொறக்கும்னு நெனச்சேங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டரில், 'பின்கதவு பூட்டியிருக்கிறது, பூட்டை எடுக்கவும்' என்று எழுதி வைத்தேன். ரெஜிஸ்டரில் எதிர்மறைப் பதிவு செய்த குற்றத்துக்கு மெமோ வந்தது. பூட்டு அப்படியே இருந்தது. ஆடிட் நாளில் மட்டும் அதன் மேல் ஒரு போர்டு தொங்கும். 'இந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும்' என்று நாலு மொழியில் எழுதினது. அதன் அடிப்பாகம் பூட்டைக் கச்சிதமாக மறைக்கும். அளவெடுத்துச் செய்த போர்டு.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் தலைவர் கிருஷ்ணராஜ் சார். கம்ப்ளையன்ஸ் டிபார்ட்மென்ட் ஹெட். கம்ப்ளையன்ஸ் என்றால் என்ன என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவரே பாடம் எடுப்பார். "எல்லாம் சரியா இருக்கணும்னா ஆயிரம் பேரு ஒழைக்கணும். சரியா இருக்குன்னு காட்டணும்னா நான் ஒருத்தன் போதும். கம்பெனிக்கு எது கம்மி செலவு, நீங்களே சொல்லுங்க" என்பார். இதை வெட்கமில்லாமல் அல்ல, பெருமையாகவே சொல்வார். ஆறு வருஷத்தில் ஒரு ஆடிட்டிலும் தோற்காதவர்.

அந்தப் பெண்ணின் பெயர் ஓர்லா. கோர்க் என்ற ஊர். சொந்த முயற்சியில் படம் எடுக்கிறவள். அவளுடைய சித்தப்பா டப்ளினில் ஷூக்கடை வைத்திருக்கிறார், நம்மிடம் சரக்கு எடுக்கிறார். 'என் அண்ணன் மகள் உங்கள் ஃபேக்டரியில் ஒரு கொலைப் படம் எடுக்க விரும்புகிறாள், உதவவும்' என்று அவர் மெயில் போட்டிருந்தார். ஹெச்.ஆர். ஆபீஸில் டைப் அடிக்கிற ரோஷினி அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் கிருஷ்ணராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பையரோட சொந்தக்காரி. வெளிநாடு. கையில கேமரா. இது சினிமாவா?" என்றார். "சினிமான்னு சொல்லிக்கினு வர்ற ஆடிட். நம்மள அசந்த நேரத்துல புடிக்கப் பாக்கறாங்க. நாம அசருவமா?"

அசரவில்லை. மூன்று நாள் வெள்ளையடித்தோம். நடைபாதை நெடுக மஞ்சள் கோடு புதிதாகப் போட்டோம். முதலுதவிப் பெட்டியின் சாவி கிடைத்தது. குடியாத்தம் ரோடு நர்சரியிலிருந்து முப்பது பூந்தொட்டி வாடகைக்கு வந்தது. கேன்டீனில் பெண்களை உட்காரவைத்து கிருஷ்ணராஜ் சார் ஒத்திகை நடத்தினார்.

"கேமராவ மூஞ்சிக்கு நேரா புடிச்சி இன்னா வேணாலும் கேப்பாங்க. பதில் ஒண்ணுதான். எட்டு மணி நேரம் வேலை. ஓ.டி. எங்க இஷ்டம். குடிதண்ணி இருக்குது. கொற எதுவும் இல்ல."

"கொலைய பாத்தியான்னு கேட்டா, சார்?" என்றாள் அம்சவேணி.

"கொற எதுவும் இல்லன்னு சொல்லு."

ஓர்லாவின் யூனிட் மொத்தம் நாலு பேர். அவள், ஒரு கேமராக்காரர், சாகிற நடிகர் டோனல், கொல்கிற நடிகர் ஒருவர். கொலைகாரர்தான் சவுண்டும் பார்ப்பார். கொலைக் காட்சியில் மட்டும் மைக்கை டைரக்டர் பிடித்துக்கொள்வார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் பெயின்ட் வாசனையில் நாலு பேரும் தும்மினார்கள். ஓர்லா சுவரைப் பார்த்தாள், பூந்தொட்டியைப் பார்த்தாள், முகம் தொங்கிப்போயிற்று. பையிலிருந்து ஒரு ஃபோட்டோவை எடுத்தாள். பத்து வருஷம் முன்பு அவள் சித்தப்பா எடுத்தது. கறை படிந்த சுவர், ஒற்றை பல்பு, குவிந்து கிடக்கும் தோல். இந்த இடம் எங்கே என்று கேட்டாள்.

"அது எங்க கம்பெனியே இல்ல மேடம்" என்றார் கிருஷ்ணராஜ் சார். ஃபோட்டோவின் ஓரத்தில், இன்னும் கொஞ்சம் முடியோடு, அவரேதான் நின்றுகொண்டிருந்தார். ஓர்லா ஃபோட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். அவள் எழுதினதைப் பார்த்து அவருக்கு வியர்த்தது. ஆடிட்டர் இல்லாவிட்டால் எதற்கு எழுதுகிறாள்?

மீட்டிங் ரூமில் கதையைச் சொன்னாள். ரோஷினி தமிழாக்கினாள். கோர்க் ஆற்றில் ஒரு ஷூ மிதந்து வருகிறது. அதன் உள்முத்திரையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணக்காளர் ஆம்பூருக்கு வருகிறார். அவர்தான் டோனல். ராத்திரியில் ஃபேக்டரிக்குள் நுழைந்து ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறார். கொலைகாரன் துரத்துகிறான். கணக்காளர் பின்கதவுக்கு ஓடுகிறார். கதவு பூட்டியிருக்கிறது. அங்கேயே குத்திக் கொல்லப்படுகிறார்.

"பின்கதவு பூட்டியிருக்குன்னு இவங்களுக்கு யார் சொன்னது?" என்று கிருஷ்ணராஜ் சார் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை என்று சொன்னால் சொல்ல ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். கழுத்தில் தொங்கிய மீட்டரைத் துடைத்தேன்.

ஓர்லா சிரித்தாள். யாரும் சொல்லவில்லை, இந்த மாதிரிப் படத்தில் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும் என்றாள். ரோஷினி என் காதருகில் விளக்கினாள். "நுவார்னு ஒரு வகையாம் அண்ணா. எல்லாரும் தப்பு பண்ணவங்க. மூஞ்சி பாதிதான் தெரியும். யாரு மேல தப்புன்னு கடைசி வரைக்கும் புடிபடாதாம்."

"அதுக்கா இம்மாம் தூரம் வந்தாங்க?" என்றேன். "நம்ம மன்த்லி மீட்டிங்ல ஒருநாள் உக்காந்தாப் போதுமே."

முதல் சிக்கல் இருட்டில் வந்தது. விளக்கை அணைக்கச் சொன்னாள். அணைத்தால் லக்ஸ் பூஜ்யம், பாலிசி மீறல். பாலிசியை மீறாமல் இருட்டு செய்ய வழி உண்டா என்று கிருஷ்ணராஜ் சார் மூன்று மணி நேரம் யோசித்து, ரிஸ்க் அசெஸ்மென்ட் ஃபாரம் ஒன்றை நிரப்பினார். வேலையின் பெயர்: இருட்டு. ஆபத்து: தெரியாது. தடுப்பு நடவடிக்கை: விளக்கு போடுதல். நிரப்பிவிட்டுத் தானே படித்துப் பார்த்து, கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, 'எச்சரிக்கைப் பலகை வைத்தல்' என்று எழுதினார். 'எச்சரிக்கை: இருட்டு' என்று ஆறு பலகை தயாரானது. இருட்டில் பலகை தெரியாதே என்று ஒவ்வொரு பலகைக்கு மேலும் ஒரு டியூப்லைட் மாட்டச் சொன்னார். மாட்டினேன். நடைபாதையில் நூற்றிருபது லக்ஸ் வந்தது. முன்பு இருந்ததைவிட ஜாஸ்தி.

கேமராக்காரர் கால் மேல் கால் போட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பேச்சுவார்த்தையில் பலகையே வேண்டாம் என்று முடிவானது. பதிலாக, இருட்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் போகும்போதும் வரும்போதும் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது ராத்திரி. எங்கள் கம்பெனியில் நைட் ஷிப்ட் கிடையாது என்று பையருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதனால் கொலை ஜெனரல் ஷிப்டில்தான் நடக்க வேண்டும், சாயங்காலம் ஐந்தரைக்குள் முடிந்துவிட வேண்டும் என்றார் கிருஷ்ணராஜ் சார். ஓர்லா இதற்கும் ஒத்துக்கொண்டாள். ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, சனிக்கிழமை பகல் இரண்டிலிருந்து நாலு வரை ராத்திரி என்று முடிவானது.

பிறகு அவர் கதையைக் கையில் எடுத்தார். பேனாவை வைத்துக்கொண்டு வரி வரியாக வந்தார். ஃபேக்டரிக்குள் ஓடக் கூடாது, அதனால் கொலைகாரன் வேகமாக நடந்து துரத்தலாம், கணக்காளரும் வேகமாக நடந்து தப்பிக்கலாம், இருவரும் மஞ்சள் கோட்டுக்குள். ஷெட்டில் எந்தக் கத்தியும் மேஜையிலிருந்து சங்கிலியால் கட்டியிருக்க வேண்டும். சங்கிலி இரண்டடி நீளம். குத்த வேண்டுமானால் குத்துப்படுகிறவர்தான் மேஜைக்கு வர வேண்டும். கொலைகாரன் முகமூடி போடலாம், தோல் தூசிக்கு அது கட்டாயம். ஆனால் ஐடி கார்டை வெளியே தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும்.

கொலைகாரன் யார் என்பதுதான் படத்தின் ரகசியமே என்றாள் ஓர்லா.

"ஐடி கார்டு இல்லாதவன் எங்க கம்பெனிக்குள்ள வர்றதே முடியாது மேடம். அப்புறம் கொல எப்டி நடக்கும்?" என்றார் அவர். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

கடைசியாகக் கதவு. "எங்க எமர்ஜென்சி எக்ஸிட் எப்பவும் தொறந்திருக்கும். கதையிலயும் அப்டித்தான் இருக்கணும்." திருத்திய கதையில் கணக்காளர் பச்சை விளக்கைப் பார்த்து நடந்து, கதவைத் தள்ளித் திறந்து, மைதானத்தில் ஆள் கூடுகிற இடத்துக்குப் போய்ப் பத்திரமாக நிற்கிறார். கொலைகாரன் தன் மனக்குறையைக் குறைதீர்ப்புப் பெட்டியில் எழுதிப் போடுகிறான். இருபத்துமூன்று பக்கத்திலும் கிருஷ்ணராஜ் சார் கையெழுத்துப் போட்டு 'அப்ரூவ்ட்' சீல் குத்தினார். ஓர்லா ஒரு பிரதியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய கோபம் வராதபோது எனக்குத்தான் பயமாக இருந்தது.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அம்சவேணியிடம் சொன்னேன். "கதவு தொறக்கிற மாதிரி எடுக்கப் போறாங்களாம்."

"எப்டி தொறப்பாங்க?"

"கதவ எடுக்க மாட்டாங்க போல. ஆளு போறதையும் நிக்கறதையும் தனித்தனியா எடுத்து ஒட்டிடுவாங்களாம். கிருஷ்ணராஜ் சார் சொன்னாரு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சினிமாவுலயாச்சும் தொறக்கட்டும்" என்றாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ராத்திரி ஆரம்பமானது. நாற்பது பெண்களும் ஓவர்டைம் செய்வதாக நடிக்காமல், சும்மா மிஷின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கை அணைத்தேன். பச்சை எக்ஸிட் விளக்கும், கேமராக்காரர் தரையில் வைத்த ஒரு சின்ன விளக்கும் மட்டும். நான் இங்கே சேர்ந்த ஆறு வருஷத்தில் எங்கள் ஷெட்டை அப்படிப் பார்த்ததில்லை. வெள்ளையடித்த சுவர் மறைந்து, ஃபோட்டோவில் இருந்த பழைய ஷெட் திரும்பி வந்துவிட்டது.

முதலில் துப்பறியும் காட்சி. ஓர்லாவே போலீஸாகக் குரல் கொடுத்தாள், ரோஷினி தமிழில் கேட்டாள்: "ஒரு வெள்ளக்காரர் இந்தப் பக்கம் ஓடினாரா?" வரிசையாகப் பதில் வந்தது. எட்டு மணி நேரம் வேலை. ஓ.டி. எங்க இஷ்டம். ஒருத்தி பயத்தில், "குடிதண்ணி ஓடினத பாத்தேன்" என்றாள். கிருஷ்ணராஜ் சார் இருட்டில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஓர்லாவும் கட்டைவிரலைக் காட்டினாள். எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் சொல்கிற நாற்பது முகங்கள் தனக்குக் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லையாம், ரோஷினி பிறகு சொன்னாள்.

அடுத்து துரத்தல். டோனல் மஞ்சள் கோட்டுக்குள் விறுவிறுவென்று நடந்தார். பின்னால் ஐடி கார்டு மார்பில் ஆட, கொலைகாரர். மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓர்லா. டோனல் பாவம், நல்ல மனிதர். கதையில் கதவு திறக்கிறது என்றால் கதவு திறக்கும் என்று நம்பினார். தனியாக எடுத்து ஒட்டுகிற விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பச்சை விளக்குக்குக் கீழே போனார். போர்டில் ஆங்கிலத்தில் 'எப்போதும் திறந்திருக்கும்' என்று எழுதியிருந்தது. கையை வைத்துத் தள்ளினார்.

திறக்கவில்லை. தோளால் மோதினார். போர்டு கழன்று விழுந்தது. பூட்டு தொங்கியது.

அவர் திரும்பிப் பார்த்தார். கொலைகாரர் நடந்து வந்துகொண்டே இருந்தார், நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. டோனல் இரண்டு கையாலும் கதவைத் தட்ட ஆரம்பித்தார். அது நடிப்பா நிஜமா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தம் கேட்டதும் நாற்பது பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். தை மாசத்துச் சத்தம் அது. அவர்களுக்குத் தெரியும்.

"தொறக்காதுங்க" என்றாள் அம்சவேணி. கத்தவில்லை, பக்கத்து மிஷின்காரியிடம் நூல் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நாலு வருஷமா தொறக்காது."

என் மெமோ என் கண்முன் வந்து நின்றது. கூடவே அவளுக்கும் ஒன்று.

கிருஷ்ணராஜ் சார் கேமராவுக்கு முன்னால் பாய்ந்தார். சின்ன விளக்கு அவர் முகத்தில் பாதியில் அடித்தது. "மேடம், நீங்க தப்பா புரிஞ்சிக்கக் கூடாது. இது பூட்டு இல்ல. கதவு காத்துல தானா தொறந்து லேடீஸ் மேல படக் கூடாது இல்லியா? அவங்க பாதுகாப்புக்காக வெச்சது. பாக்கறதுக்குப் பூட்டு மாதிரி இருக்கும். ஆனா எங்க ரெக்கார்டுல இங்க பூட்டே கெடையாது. ரெக்கார்டுல இல்லாதது எப்டி மேடம் இருக்கும்? தீப்பிடிச்சா இன்னா பண்ணுவாங்கன்னு கேப்பீங்க. எங்க கம்பெனில தீப்பிடிக்கிறதில்ல. போன தடவ புடிச்சதையும் நாங்க பதிவு பண்ணல. அதனால அதுவும் புடிக்கல."

ஓர்லா கட் சொல்லவில்லை. ரோஷினி ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். எல்லாம் முடிந்ததும் ஓர்லா பையிலிருந்து இருபத்துமூன்று பக்கத்தை எடுத்து, பதினேழாம் பக்கத்தில் இருந்த சீலைக் காட்டினாள். கதவு திறக்கிறது. அப்ரூவ்ட். அப்படியே எடுக்கத் தயார், திறங்கள் என்றாள்.

கிருஷ்ணராஜ் சார் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "பூவரசு, எதனா பண்ணுப்பா."

"இன்னா பண்ணணும் சார்?"

"அத நான் எப்டி சொல்றது?"

"எழுதிக் குடுங்க சார். பண்ணிடறேன்."

"எத எழுதறது? இல்லாத பூட்ட ஒடைன்னா?" அவர் சட்டைக்காலர் நனைந்திருந்தது. "ரிப்போர்ட் டப்ளினுக்குப் போய்டும்பா."

எனக்குத் தெரியும். இவர்கள் விமானம் ஏறினதும் மெமோ வரும். கம்பெனிச் சொத்துக்குச் சேதம், வாய்மொழி உத்தரவு எதுவும் கொடுக்கப்படவில்லை என்று. அம்சவேணி இருக்கிற பக்கம் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டோர்ஸுக்குப் போனேன்.

ஸ்டோர்ஸ் ஜியாவுல்லா பாயிடம் இருக்கிறது. முப்பது வருஷமாக ஃபாரம் இல்லாமல் ஒரு ஊக்கைக்கூட வெளியே விட்டதில்லை. "ஹாக்ஸா ஃபிரேம், ரெண்டு பிளேடு குடுங்க பாய்." கிரைண்டர் இருந்தது, ஆனால் சொல்யூஷன் டிரம் பக்கத்தில் பொறி பறக்கவிட நான் முட்டாள் இல்லை. "இன்னாத்துக்கு?" என்றார் பாய். காரணம் எழுதுகிற கட்டத்தில் 'சினிமா' என்று எழுதினேன். அவர் மூக்குக்கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மூன்று பிளேடாகக் கொடுத்தார்.

ஹாக்ஸா ரம்பத்தால் பூட்டை அறுக்க ஆரம்பித்தேன். கேமரா என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பாதி அறுத்ததும் ஒரு பிளேடு உடைந்து தெறித்தது. கிருஷ்ணராஜ் சாருக்குப் பழக்கதோஷம், "துண்டு எங்க? கண்டுபிடி" என்றார். ஊசி உடைந்தாலும் பிளேடு உடைந்தாலும் கடைசித் துணுக்கு வரை தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டியாக வேண்டும், ஷூவுக்குள் போய்விட்டால் பையர் கேஸ் போடுவான். ஆக, அந்தக் கும்மிருட்டில் நாலு அயர்லாந்துக்காரர்களும் நாற்பது பெண்களும் நானும் செல்ஃபோன் வெளிச்சத்தில் தரையில் தவழ்ந்து அரை அங்குல இரும்பைத் தேடினோம். கொலைகாரர்தான் கண்டுபிடித்தார். ரோஷினி ரெஜிஸ்டரைத் திறந்தாள்.

"எங்க ஒடஞ்சிதுன்னு எழுதறது சார்?"

கிருஷ்ணராஜ் சார் ரெஜிஸ்டரை மூடினார். "எழுதாத. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த நிமிஷம்தான் எனக்குள் ஏதோ ஒன்று லேசாகிற மாதிரி இருந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

இரண்டாவது பிளேடில் பூட்டு விழுந்தது. கீல் துருப்பிடித்திருந்தது. நானும் டோனலும் தோள் கொடுத்துத் தள்ளினோம். வெளியே அட்டைப்பெட்டிகள் அடுக்கிவைத்திருந்தார்கள், அவை சரிந்தன. மூன்றேகால் மணி வெயில் உள்ளே கொட்டியது. என் கழுத்தில் தொங்கிய மீட்டரைப் பார்த்தேன். எண் வரவில்லை. அளவுக்கு மேல் என்று காட்டியது.

ராத்திரி கெட்டுப்போயிற்றே என்று கேமராக்காரர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அம்சவேணி நடந்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். வருஷத்துக்கு இரண்டு முறை கிருஷ்ணராஜ் சார் பேப்பரில் நடத்துகிற டிரில் அது. எக்ஸிட் திறந்தால் வரிசையாக வெளியே போய், ஆள் கூடுகிற இடத்தில் நின்று, தலை எண்ண வேண்டும். நாற்பது பேரும் மஞ்சள் கோட்டின் மேலேயே நடந்து போனார்கள். வெயிலில் வரிசையாக நின்றார்கள். தடுக்கவும் முடியாமல் கூடப் போகவும் முடியாமல் கிருஷ்ணராஜ் சார் கதவருகில் நின்றார். எண்ண ஆள் இல்லாததால் நானே போய் எண்ணினேன். நாற்பது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே கூப்பிட்டு அனுப்பினார்கள். யூனிட் ஞாயிறே கிளம்பிவிட்டது. ரோஷினி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணராஜ் சார் நடந்துகொண்டே சொன்னார்.

"எலக்ட்ரீசியன் பூவரசன், கம்பெனிச் சொத்தான பூட்டைச் சேதப்படுத்தி... எந்தப் பூட்டுன்னு வரணும் இல்ல? பின்கதவில் இருந்த பூட்டை... அத அடி. அனுமதியில்லாமல் எமர்ஜென்சி எக்ஸிட்டைத் திறந்து... அது எப்பவும் தொறந்திருக்கணும், அடி. பணி நேரத்தில் இரும்பை அறுத்து... எந்த இரும்பு?" நின்றார். "பிளேடை உடைத்து?"

"ரெஜிஸ்டர்ல பிளேடு ஒடையல சார்" என்றாள் ரோஷினி. "நீங்க எழுத வேணாம்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டால் அதற்கென்று ஒரு மெமோ போட்டுவிடலாம், உதட்டைக் கடித்துக்கொண்டேன். "போ. டைப் ஆனதும் கூப்பிடறேன்" என்றார். அம்சவேணிக்கும் ஒன்று யோசித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவள் சொன்னது 'தொறக்காது' என்று. எது திறக்காது என்று எழுத வேண்டி வந்ததால் அதுவும் நின்றுபோயிற்று.

மத்தியானம் ஸ்டோர்ஸுக்கு அவரே வந்தாராம். ஜியாவுல்லா பாய் சாயங்காலம் டீக்கடையில் சொன்னார்.

"பெரிய பூட்டு ஒண்ணு குடு பாய்ன்னாரு. ஃபாரம் குடுத்தேன். எதுக்குன்ற கட்டத்துல கோடவுன்னு எழுதினாரு. கோடவுனுக்குப் போன மாசம்தான் சார் புதுசு குடுத்தேன், கையெழுத்து இருக்குதுன்னேன். மெயின் கேட்டுன்னாரு. அதுக்கும் இருக்குது. காரணம் எழுதாம குடுன்னாரு." பாய் டீயை ஊதினார். "நீங்க போட்ட பாலிசிதான சார், நாலாம் நம்பர், காரணம் இல்லாம ஒரு ஊக்கும் குடுக்கக் கூடாதுன்னு. காரணத்த எழுதுங்க, இப்பவே தர்றேன்னேன். போய்ட்டாரு."

எட்டு மாசம் கழித்து ரோஷினிக்கு ஓர்லாவிடமிருந்து மெயில் வந்தது. படத்தைக் கம்பெனி பஸ்ஸில் ரோஷினியின் ஃபோனிலேயே பார்த்தோம். கடைசிக் காட்சியில் டோனல் சாகிறார், குத்து மட்டும் அவர்கள் ஊரில் எடுத்து ஒட்டினது. கதவு திறக்காத அந்த முதல் தடவையைத்தான் வைத்திருக்கிறாள். அம்சவேணி வருகிறாள், ஒரே வசனம். அதற்கப்புறம் பாதி முகம் இருட்டில், கிருஷ்ணராஜ் சார் முழுசாக இரண்டு நிமிஷம் பேசுகிறார். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. அயர்லாந்தில் ஏதோ சின்னத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த துணை நடிகர் என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இவ்வளவு பயங்கரமான வில்லனை இவ்வளவு சாதாரணமாக யாரும் நடித்ததில்லையாம்.

கிருஷ்ணராஜ் சார் அதை ஃப்ரேம் போட்டு, ரிசப்ஷனில் மற்ற ஆடிட் சான்றிதழ்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் காட்டுகிறார். "சொல்லாம வந்த ஆடிட். அதுலயும் பாஸ்."

என் மூன்றாவது மெமோ இன்னும் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கார்டைக் காட்டி உள்ளே போனதும் அம்சவேணி நேராக மிஷினுக்குப் போவதில்லை. பின்கதவு வரை நடக்கிறாள். செருப்புக் காலால் ஒரு தள்ளு தள்ளுகிறாள். கதவு திறக்கிறது. வெளியே யாராவது அட்டைப்பெட்டி வைத்திருந்தால் நகர்த்துகிறாள். பிறகுதான் திரும்பி வந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கிறாள்.